கோடைக்கு ஒரு சாக்கே காக்டெய்ல்: வெள்ளரி, ஷிசோ, எலுமிச்சை

ஜப்பானின் அரிசி மதுவான சாக்கேயைக் கொண்டு காக்டெய்ல் கலக்க முற்படுகிறவர்கள் பலரும் அதை வோட்காவின் இடத்தில் வைத்துவிடுகிறார்கள். வோட்காவில் ஆல்கஹால் 40 சதவீதம் இருக்கிறது. அது பழச்சாற்றையும் ஐஸையும் தாராளமாகத் தாங்கும். கடையில் கிடைக்கும் சாக்கேயில் பெரும்பாலும் 15 அல்லது 16 சதவீதந்தான் இருக்கும். அதை ஷேக்கரில் போட்டு ஐஸோடு நெடுநேரம் குலுக்கி, ஆரஞ்சுச் சாற்றையும் கடைச் சிரப்பையும் ஊற்றினால், கோப்பையில் எஞ்சுவது இனிப்பான நிறத்தண்ணீர் மட்டுமே. நல்ல சாக்கே காக்டெய்ல் செய்ய விரும்புகிறவர் மனத்தில் இருத்த வேண்டியவை இரண்டு: சாக்கேயிடம் இல்லாததை மட்டும் அளவாகச் சேர்க்க வேண்டும், கலப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் நன்றாகக் குளிர்வித்திருக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் முறை முழுவதும் இவ்விரண்டையும் பற்றியதுதான்.

சாக்கேயிடம் எது இருக்கிறது, எது இல்லை என்பதை அது உருவாகும் விதத்திலிருந்தே அறியலாம். ஆவியில் வேகவைத்த அரிசியின்மேல் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து எடுப்பதே கோஜி. அந்தக் கோஜி அரிசியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொண்டிருக்கும்போதே, அதே தொட்டியில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுகிறது. கோஜியைக் கொண்டு மது வடிக்கும் இந்த ஜப்பானியக் கைத்திறனை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் மனிதகுலத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. இப்படி உருவாகும் சாக்கேயில் அரிசியின் மெல்லிய இனிப்பும், அமினோ அமிலங்களால் வரும் ஆழ்ந்த சுவையும் நிறைந்திருக்கும். ஆனால் திராட்சை ஒயினோடு ஒப்பிட்டால் புளிப்பு மிகக் குறைவு. பசுமையான மணமும் குமிழியின் துடிப்பும் சாதாரண வகைகளில் கிடையாது. எனவே கோடைக்கால பானமாக அதை மாற்றுவதற்குத் தேவைப்படுபவை புளிப்பு, பச்சிலை மணம், சோடா ஆகிய மூன்றுதான். இனிப்பு ஏற்கெனவே இருப்பதால் அதைச் சற்றே தூக்கிக் கொடுத்தால் போதும்.

எந்தச் சாக்கேயை வாங்குவது

விலை உயர்ந்த புட்டியைத் தேட வேண்டாம் என்பதே என் முதல் அறிவுரை. அரிசியை 60 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ எஞ்சும்படி தீட்டிச் செய்வது கின்ஜோ; 50 சதவீதமோ அதற்கும் கீழோ எஞ்சும்படி தீட்டிச் செய்வது தைகின்ஜோ. இவ்வகைகளில் ஆப்பிள், வாழைப்பழம் போன்ற நுண்ணிய மணங்கள் எழும். அந்த மணத்துக்காகத்தான் அவ்வளவு விலை கொடுக்கிறோம். எலுமிச்சையும் ஐஸும் பட்டவுடன் அம்மணம் அடங்கிவிடும் என்பதால், தைகின்ஜோவைக் காக்டெய்லில் கலப்பது அதை வடித்தவரின் உழைப்பை வீணாக்குவதாகும். அதைத் தனியே, மிதமான குளிர்ச்சியில் அருந்துவதே முறை.

காக்டெய்லுக்குப் பொருத்தமானவை ஜுன்மாய் அல்லது ஹொன்ஜோஸோ. ஜுன்மாயில் வெளியிலிருந்து ஆல்கஹால் சேர்ப்பதில்லை. அரிசியின் சுவை அதில் திடமாக நிற்கும். ஹொன்ஜோஸோவில் வடித்தெடுத்த ஆல்கஹாலைச் சிறிதளவு சேர்ப்பார்கள். அது இலகுவாகவும் தெளிவாகவும் இருக்கும். புளிப்பும் சோடாவும் சேரும்போது ஜுன்மாய்தான் மறையாமல் நிற்கிறது என்பதால் என் தேர்வு அதுவே. ஊரைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கும் ஒரு குறிப்பு உண்டு. கோபே நகரை ஒட்டிய நாடா பகுதியின் தண்ணீர் கடினமானது. அங்கு வரும் சாக்கே உறுதியும் வறட்சியும், அதாவது இனிப்புக் குறைவும், கொண்டது. கியோட்டோவின் ஃபுஷிமியில் தண்ணீர் மென்மையானது. அங்குள்ள சாக்கே வழுவழுப்பும் இனிமையும் உடையது. வெள்ளரியும் எலுமிச்சையும் சேரும் பானத்துக்கு நாடா வகையே எடுப்பாக அமையும். 1743இல் தொடங்கிய நாடாவின் ஹகுட்சுரு நிறுவனத்தின் சாதாரண ஜுன்மாய், ஜப்பானுக்கு வெளியேயும் பல நகரங்களில் கிடைக்கிறது.

புட்டியின் பின்பக்கச் சீட்டில் சில சமயம் நிஹொன்ஷுதோ என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். கூட்டல் குறியோடு எண் உயர உயர சாக்கே வறண்டது. கழித்தல் குறி இருந்தால் இனிப்பானது. கூட்டல் 5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரைப் பாகைச் சற்றுக் கூட்டலாம்; பூஜ்யத்துக்கு அருகிலோ கழித்தலிலோ இருந்தால் பாதியாகக் குறைக்க வேண்டும். இந்த எண்ணைப் பார்க்காமல் அளவுகளை மட்டும் பின்பற்றினால் ஒருமுறை சரியாகவும் மறுமுறை திகட்டலாகவும் வந்துவிடும்.

கென்ஷு என்று எழுதியிருந்தால் அதில் தண்ணீர் கலக்கப்படவில்லை என்று பொருள். ஆல்கஹால் 17 முதல் 20 சதவீதம் வரை இருக்கும். ஐஸ் உருகும்போதும் சுவை தேயாமல் நிற்பதால் கோடைக்கு இது மிக உகந்தது. மே, ஜூன் மாதங்களில் ஜப்பானின் வடிசாலைகள் கோடைக்கென்றே நீலநிறப் புட்டிகளில் தனி வகைகளை வெளியிடுகின்றன. அவற்றில் சில ஐஸோடு அருந்துவதற்கான கென்ஷு. சில ஆல்கஹால் குறைந்த இலகுவான வகை. காக்டெய்லுக்கு முதல் வகையை எடுங்கள். இரண்டாவது வகை சோடா சேர்ந்ததும் வெளிறிப்போகும்.

ஐஸும் குளிர்ச்சியும்

இந்தப் பகுதியைத்தான் பலரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். பானம் கெடுவதும் பெரும்பாலும் இங்கேதான். பாதி சாக்கேயாக உள்ள 180 மில்லி பானத்தை 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் பொருட்களைக் கொண்டு கலந்து ஐஸில் ஊற்றினால், அது பூஜ்ய டிகிரியை நெருங்குவதற்குள் சுமார் 65 கிராம் ஐஸ் உருகித் தண்ணீராகிவிடும். அதே பொருட்கள் 5 டிகிரியில் இருந்தால் உருகுவது சுமார் 11 கிராம் மட்டுமே. முதல் கோப்பையில் ஆல்கஹால் ஐந்தரை சதவீதத்துக்கு இறங்கிவிடும். இரண்டாவதில் ஏழு சதவீதத்தில் நிற்கும். குறைவது ஆல்கஹால் மட்டுமன்று. அரிசியின் சுவை, எலுமிச்சையின் புளிப்பு எல்லாமே அதே விகிதத்தில் நீர்த்துப்போகின்றன.

ஆகவே சாக்கே, சோடா, சர்க்கரைப் பாகு, வெள்ளரி ஆகிய அனைத்தையும் முதல் நாள் இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். கோப்பைகளைக் கலப்பதற்கு அரைமணி நேரம் முன்பு ஃப்ரீசரில் வைக்கலாம். சாக்கேயின் குளிர்ச்சிக்கு 15, 10, 5 டிகிரி என்று மூன்று படிகள் வகுத்து ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருக்கும் ஜப்பானியர், தனியாக அருந்தும்போது 5 டிகிரிக்குக் கொண்டுபோகத் தயங்குவார்கள். மணம் உறங்கிவிடும் என்பதே காரணம். காக்டெய்லில் மணத்தைப் பச்சிலை சுமக்கப்போவதால் அந்தத் தயக்கம் இங்கே தேவையில்லை.

ஐஸ் கட்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு மெதுவாக உருகும். ஜப்பானிய மதுக்கூடங்களில் பெரிய பாளத்திலிருந்து கையால் செதுக்கிய கட்டிகளைப் பயன்படுத்துவதற்கு அழகு மட்டும் காரணமன்று. வீட்டில், மேல்பக்கம் திறந்த சிறிய தெர்மோகோல் பெட்டியில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால், குளிர் மேலிருந்து மட்டுமே இறங்கும். காற்றுக்குமிழிகளும் கசடும் கீழே தள்ளப்பட்டு மேல்பகுதி கண்ணாடிபோல உறையும். முழுவதும் உறைவதற்கு முன்பே வெளியே எடுத்து, கலங்கிய அடிப்பகுதியை நீக்கிவிட்டு, மீதியைக் கோப்பையின் அளவுக்கு உடைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு சிரமம் வேண்டாம் என்பவர்கள் குறைந்தபட்சம் பெரிய அச்சுகளில் உறைய வைக்கலாம். மீன், இறைச்சி இருக்கும் ஃப்ரீசரில் மூடாமல் வைத்த ஐஸ் அந்த வாடையை இழுத்துக்கொள்ளும். சாக்கே போன்ற மெல்லிய பானத்தில் அது உடனே தெரிந்துவிடும்.

முதலில் எளிய வடிவம்

முழுச் செய்முறைக்குப் போகுமுன் சாமுராய் ராக் என்னும் ஜப்பானியக் கலவையை ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. கோப்பையில் பெரிய ஐஸ் கட்டி ஒன்றை வைத்து, 45 மில்லி சாக்கேயும் 15 மில்லி எலுமிச்சைச் சாறும் ஊற்றி, கரண்டியால் நான்கைந்து சுற்று கலக்கினால் முடிந்தது. சாக்கேயின் இயல்பான இனிப்பு எவ்வளவு புளிப்பைத் தாங்குகிறது என்பதை இந்தக் கலவை ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடும். நம் ஊர் நாட்டு எலுமிச்சை புளிப்பு மிக்கது. அதைப் பயன்படுத்தினால் 10 மில்லியில் தொடங்கிச் சுவைத்துப் பார்த்துக் கூட்டுங்கள். உங்கள் புட்டிக்கு எந்த அளவு சரியாக வந்ததோ, அதைக் கொண்டே அடுத்த கலவையின் புளிப்பைத் தீர்மானிக்கலாம்.

வெள்ளரி, ஷிசோ, எலுமிச்சைக் கலவை

ஒரு கோப்பைக்கு 90 மில்லி சாக்கே, 15 மில்லி எலுமிச்சைச் சாறு, 10 மில்லி சர்க்கரைப் பாகு, 60 மில்லி சோடா, விரல் நீளத்துக்கு வெள்ளரித் துண்டு, ஷிசோ என்னும் ஜப்பானிய நறுமணப் பச்சிலையின் மூன்று இலைகள், ஒரு சிட்டிகைக்கும் குறைவான உப்பு ஆகியவை வேண்டும். வெள்ளரியிலிருந்து இறங்கும் சாற்றையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 180 மில்லி வரும். இது ஜப்பானியரின் பழைய முகத்தலளவையில் ஒரு கோ. ஊற்றும் சாக்கே சரியாக அரைக் கோ. வழக்கமான 720 மில்லி புட்டி ஒன்றில் எட்டுப் பேருக்குக் கலக்கலாம்.

சர்க்கரைப் பாகைச் சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் எடுத்து, சர்க்கரை கரையும் மட்டும் சூடாக்கி ஆறவைத்துக்கொள்ள வேண்டும். கம்பிப்பதம் வரை காய்ச்சக் கூடாது. தேனும் வெல்லமும் தமக்கென்று வலுவான மணம் கொண்டவை என்பதால் இங்கே வேண்டாம்.

எலுமிச்சையின் இடத்தில் ஜப்பானில் கோடைக்குச் சுதாச்சியைப் பிழிவார்கள். தோகுஷிமா மாகாணத்தில் விளையும் இந்தச் சிறிய பச்சைப் பழம், ஏறக்குறைய கோல்ஃப் பந்தின் அளவே இருக்கும். புளிப்போடு தோலின் கூர்மையான மணத்தையும் தரும். ஓஇத்தா மாகாணத்தின் கபோசுவும் நன்றாகப் பொருந்தும். யூஸு என்னும் மற்றொரு எலுமிச்சை இனப் பழத்தின் மணம் எல்லாவற்றையும் விஞ்சி நிற்கும் என்பதால் அதைப் பாதி அளவில் எடுத்து, மீதியை எலுமிச்சையால் நிரப்புவது நல்லது. இவை எதுவும் கிடைக்காத ஊரில் நாட்டு எலுமிச்சையே போதும். ஆனால் அப்போது பிழிந்த சாறாக இருக்க வேண்டும். பாட்டிலில் அடைத்து விற்கும் சாறு இந்தப் பானத்தைக் கசப்பாக்கிவிடும். பிழியும்போது தோல் நசுங்கும் அளவுக்கு முறுக்க வேண்டாம்.

வெள்ளரியில் காம்புப் பக்கத்தில்தான் கசப்பு தங்கும். நுனியை நறுக்கி, அந்தத் துண்டாலேயே வெட்டிய இடத்தை வட்டமாகத் தேய்த்து, வெண்ணிற நுரையை எடுக்கும் பழக்கம் தமிழ் வீடுகளில் உண்டு. ஜப்பானிய வீடுகளிலும் இதையே செய்கிறார்கள். அப்படிச் செய்த பிறகு காம்போரத்தில் ஒரு சிறு வில்லையைக் கடித்துப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயை விட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டும், ஏனெனில் சர்க்கரை அந்தக் கசப்பை மறைக்காது. விதை முற்றிய நாட்டு வெள்ளரியாக இருந்தால் நடுவிலுள்ள விதைப்பகுதியைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

இனி கலக்கும் வரிசை. கனமான கோப்பையில் வெள்ளரித் துண்டுகளைப் போட்டு, உப்பையும் பாகையும் சேர்த்து, சிறிய மர மத்தால் ஏழெட்டு முறை அழுத்த வேண்டும். உப்பு வெள்ளரியின் நீரை வெளியே இழுக்கும்; கசப்பின் சாயலையும் அடக்கும். துண்டுகள் மசிந்து கூழாக வேண்டியதில்லை. அடியில் இளம்பச்சை நீர் தேங்கினால் போதும். அதன்பின் எலுமிச்சைச் சாற்றை ஊற்றி, ஷிசோ இலைகளில் இரண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து மறுகையால் ஒருமுறை பட்டென்று தட்டுங்கள். இலையின் அடிப்புறத்திலுள்ள நுண்ணிய எண்ணெய்ப் பைகள் உடைந்து மணம் எழுவதை அப்போதே உணரலாம். தட்டிய இலைகளை உள்ளே போடுங்கள்; மத்தால் இடிக்காதீர்கள். இடித்தால் இலை கறுத்து, புல்லின் காறல் பானத்தில் இறங்கும்.

இப்போது குளிர்ந்த சாக்கேயை ஊற்றி, நான்கைந்து ஐஸ் துண்டுகள் சேர்த்து, நீண்ட கரண்டியால் கோப்பையின் உட்சுவரை ஒட்டியே பதினைந்து நொடிகள் சுழற்றுங்கள். ஷேக்கரை நான் இங்கே பரிந்துரைக்க மாட்டேன். குலுக்கும்போது ஐஸ் நொறுங்கி வேகமாக உருகுவதோடு, பானம் கலங்கி நுரைத்துச் சாக்கேயின் வழுவழுப்பு போய்விடும். சுழற்றியதும் சிறு வடிகட்டி வழியாக, பெரிய ஐஸ் கட்டி வைத்த குளிர்ந்த கோப்பையில் வடித்துவிடுங்கள். சோடாவை ஐஸின்மேல் கொட்டாமல் கோப்பையின் ஓரமாகச் சரித்து ஊற்றினால் குமிழி நிற்கும். கரண்டியை அடிவரை விட்டு ஒரே ஒருமுறை தூக்கிக் கலந்தால் போதும். மூன்றாவது ஷிசோ இலையைத் தட்டி மேலே வைத்து, வெள்ளரியின் நீளச் சீவல் ஒன்றைக் கோப்பையின் உட்பக்கம் ஒட்டினாற்போல இறக்கிப் பரிமாறலாம்.

சுவை சரியாக வந்திருந்தால் முதலில் ஷிசோவின் மணமும் எலுமிச்சையும் முன்னே வரும். விழுங்கிய பிறகு அரிசியின் மெல்லிய இனிப்பு நாவில் தங்கும். பின்சுவையில் அரிசி தெரியவில்லை என்றால் சோடா மிகுந்துவிட்டது அல்லது சாக்கே மெலிந்தது என்று கொள்ளலாம். அடுத்த முறை சோடாவை 40 மில்லியாகக் குறையுங்கள். புளிப்பு பல்லைக் கூசச்செய்தால் பாகைக் கூட்டாமல் எலுமிச்சையைக் குறைப்பதே நல்லது.

ஷிசோ கிடைக்காதபோது புதினாவைப் பயன்படுத்தலாம். இரண்டும் துளசிக் குடும்பத்துச் செடிகளே. ஆனால் புதினாவின் குளிர்ந்த காரம் சாக்கேயை எளிதில் அமுக்கிவிடும் என்பதால் நான்கு சிறிய இலைகளுக்கு மேல் வேண்டாம்.

கூட்டமாகப் பரிமாறும்போது

நான்கு பேருக்கு ஒரு கூஜாவில் கலப்பதாக இருந்தால் 360 மில்லி சாக்கே, 60 மில்லி எலுமிச்சைச் சாறு, 40 மில்லி பாகு, ஒரு வெள்ளரி, பத்துப் பன்னிரண்டு ஷிசோ இலைகள் என்று எடுத்து, சோடா நீங்கலாக எல்லாவற்றையும் கலந்து வடித்து, ஐஸ் போடாமல் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். விருந்தினர் வந்தபின் ஒவ்வொரு கோப்பையிலும் ஐஸ் இட்டு, இந்தக் கலவையை ஊற்றி, 60 மில்லி சோடாவைத் தனித்தனியாகச் சேர்ப்பதே சரி. கூஜாவிலேயே ஐஸும் சோடாவும் போட்டால் இரண்டாவது சுற்றுக்குள் பானம் செத்துவிடும். முன்கூட்டிக் கலப்பது இரண்டு மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

நாள்கணக்கில் பழத்தையோ இலையையோ சாக்கேயில் ஊறவைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஜப்பானில் வசிப்பவர்களுக்கு அது சட்டப்படியே கூடாது: அந்நாட்டின் மதுவரிச் சட்டம், வீட்டில் பழம் ஊறவைப்பதற்கு 20 சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் உள்ள மதுவைத்தான் அனுமதிக்கிறது, அருந்துவதற்குச் சற்று முன் கலப்பதற்குத் தடையில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், 15 சதவீத ஆல்கஹாலில் ஊறும் பழம் மீண்டும் நொதிக்கவும் கெடவும் வாய்ப்பு உண்டு என்பதால் மற்ற நாடுகளில் இருப்பவர்களும் இதைத் தவிர்ப்பதே நல்லது.

குளிர்ச்சியும் சோடாவும் ஆல்கஹாலை மறைத்துவிடுவதால் இந்தப் பானம் வேகமாக இறங்கும். ஒரு கோப்பையில் 13 மில்லிக்கும் சற்று மேலாகத் தூய ஆல்கஹால் இருக்கிறது. ஜப்பானில் சாக்கேயோடு கூடவே ஒரு குவளைத் தண்ணீரையும் வைத்து மாற்றி மாற்றி அருந்தும் வழக்கம் உண்டு. கோடையில் உடல் வற்றாமலிருக்க அதைக் கட்டாயமாகவே கொள்ள வேண்டும். அங்கே மது அருந்தச் சட்டம் அனுமதிக்கும் வயது 20, தமிழ்நாட்டில் 21. வண்டி ஓட்ட வேண்டியவர், கர்ப்பிணி, மருந்து உட்கொள்பவர் ஆகியோருக்குச் சாக்கேயை விட்டுவிட்டு, அதே வெள்ளரி, ஷிசோ, எலுமிச்சைக் கலவையைச் சோடாவில் மட்டும் கலந்து கொடுக்கலாம். உப்பைச் சற்றுக் கூட்டினால் அதுவும் நன்றாகவே இருக்கும்.

நிகோரி என்னும் கலங்கிய சாக்கே கையில் இருந்தால் முறை மாறும். முரட்டு வடிகட்டலால் அரிசித் துகள்கள் தங்கி வடித்த கஞ்சிபோல வெளுத்திருக்கும் இது இனிப்பும் அடர்த்தியும் மிக்கது. புட்டியை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி அடியில் படிந்ததைக் கலந்துவிட்டு, 90 மில்லி நிகோரிக்கு 20 மில்லி எலுமிச்சைச் சாறும் 60 மில்லி சோடாவும் சேர்த்தால் போதும். பாகும் வெள்ளரியும் வேண்டாம். சூடாக்கிப் பதப்படுத்தாத நாமா வகையாக இருந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கக்கூடும். மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து காற்றை விட வேண்டும்.

திறந்த சாக்கேயை ஒயினைப் போலவே ஃபிரிட்ஜில், வெளிச்சம் படாமல், நிமிர்த்தி வைக்க வேண்டும். ஜுன்மாயும் ஹொன்ஜோஸோவும் ஒன்றிரண்டு வாரம் தாங்கும். நாமாவைச் சில நாட்களுக்குள் முடித்துவிடுவது நல்லது. மணம் மங்கிப்போன மிச்சத்தைக் காக்டெய்லில் தள்ளிவிடலாம் என்று எண்ண வேண்டாம், எலுமிச்சை அந்தப் பழைய வாடையை இன்னும் வெளியே கொண்டுவரும். அதை மீன் வேகவைக்கும்போது இரண்டு கரண்டி சேர்த்துப் பயன்படுத்திவிடலாம்; கவிச்சி குறையும்.